கழிவு

சந்தாபுரம் தாண்டி, தகரக் கொட்டகை.
சனிக்கிழமை ஐந்து மணிக்கு
மேடையிலிருந்து சாணம் வழித்து
இருபது கிலோ படிக்கல்லை ஏற்றி இறக்குவேன்.
சிவப்பு எண்கள் ஒருமுறை இருமிவிட்டுப்
பூஜ்யத்துக்குத் திரும்பும்.
மேம்பாலத்தில் கம்பெனி பஸ்,
இரவு ஷிப்டு முடித்த தலைகள்
கண்ணாடியில் முட்டி முட்டித் தூங்கும்.

டெம்போக்களில் கன்றுகள் வரும்.
'பால் மறந்தவை' என்று ரசீதில் எழுத வேண்டும்.
மறந்தேன் என்று எந்தக் கன்றும்
இதுவரை என்னிடம் சொன்னதில்லை.
மூக்கின் மேல் முள்கூடு கட்டிய தழும்பு.
குத்துகிறதே என்று தாயே உதைத்த வீக்கம்
ஒன்றின் தாடையில்.

வியாபாரிகளுக்கு அவசரம் கிடையாது.
டீ குடிப்பார்கள், வெயில் ஏறட்டும் என்பார்கள்.
ஒரு மணி நேரம் கத்தினால் ஒரு கிலோ இறங்கும்.
கொண்டு வந்தவர்களும் சும்மா வருவதில்லை;
விடியுமுன் உப்பிட்ட தவிட்டுத் தண்ணீர்,
வயிறு பானை மாதிரி.
ஆகவே நூற்றுக்கு ஆறு கழிவு போடுகிறேன்,
இரண்டு பொய்களுக்கு நடுவில்
அடிக்குச்சி வைத்துக் கோடு போடுகிறவளாக.

அடைக்கலமேரி இரண்டு பிடித்து வந்தாள்.
லிங்கராஜபுரம், ரயில் பாதையோரம், நாலு கறவை.
பக்கத்து அபார்ட்மெண்ட் சங்கம்
மூன்றாவது கடிதமும் போட்டுவிட்டதாம்.
கிடாரி உடனே போனது.
காளைக்கன்றுக்கு ருத்ரேசி
ஒரு தரம் சொல்லி, ரெண்டு தரம் சொல்லி
மூன்றாவதைச் சொல்லாமல் தண்ணீர் குடித்தார்.
திமில் இல்லை, ஏருக்கு ஆகாது,
அதைவிடப் பெரிய குறை, பால் தராது.
கடைசியில் பைரேகவுடா
கிலோ எண்பது என்றார்,
செருப்பில் ஒட்டியதைத் தேய்த்துக்கொண்டே.

மேடையில் அது நிற்கவில்லை.
எழுபத்தொன்று. எழுபத்து மூன்று. அறுபத்தெட்டு.
மூன்று நொடி அசையாதிருந்தால்தான்
எண் உறையும்.
அவள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து
கிட்டே போய் நின்றாள்.
ஈர முந்தானையைக் கன்று வாயில் வாங்கிக்கொண்டு
சட்டென்று அடங்கிப்போனது.
எழுபத்து நாலு.

அவளுடைய வலது கால் பெருவிரல்
மேடை விளிம்பில் இருந்தது.

கவுடா கூரையில் குருவி பார்த்தார்.
ருத்ரேசிக்குத் திடீரென்று இருமல்.
காலை எடுங்க என்று
ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வாய் இது.
கால் எடுத்தால் கன்று நிற்காது;
அது ஒரு சாக்கு என்பதும் எனக்குத் தெரியும்.
எழுபத்து நாலு என்று எழுதினேன்.
ஆறு கழித்து அறுபத்தொன்பதரை.
ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது என்று
அவள் இடுப்பிலிருந்த போன் கன்னடத்தில் கத்தியதும்
கன்று மிரண்டு மேடையை நனைத்தது.

தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள்.
கயிற்றோடு கொடுக்கும் வழக்கம் இல்லை.
கவுடாவின் ஆள் நீல நைலானில் முடிச்சுப் போட்டான்.
வாசல்வரை போனவள் திரும்பி வந்து
கவுண்டர் கம்பியில் முகம் வைத்துச் சொன்னாள்:
"சுவத்துப் பக்கம் கட்டச் சொல்லுங்க.
வெட்டவெளியில படுக்காது."

ரசீதில் அதற்குக் கட்டம் கிடையாது.
பின்பக்கம் எழுதினேன், கன்னடத்தில்.
கவுடா மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.
படித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்து, என்றார் ருத்ரேசி.
மேடை வெறுமையாகத்தான் இருந்தது.
எண் மட்டும் இருநூறு கிராமில் நின்றது.
வாளித் தண்ணீர் ஊற்றினேன்.
வரிசையில் நின்றவன் சலித்துக்கொண்டான்,
சீக்கிரம்மா, கன்னுக்கு எடை குறையுது.